சம்பளத்தை முதலிலேயே சொன்னால் என்ன? எட்டு மாத வேலைத் தேடலில் எழுந்த கேள்வி

ஈரக்காற்று எழுதியது:

நேற்று மாலை ஒரு தொலைபேசி அழைப்பு வந்தது. ஐந்து சுற்று நேர்காணல் முடித்து, ஏழு வாரமாகக் காத்திருந்த இடம். "எல்லோருக்கும் உங்களைப் பிடித்திருக்கிறது. சம்பளம் மட்டும்தான் பாக்கி, பேசிவிடலாம்" என்றார்கள். பிறகு ஒரு தொகையைச் சொன்னார்கள். நான் முன்பு வாங்கியதில் மூன்றில் இரண்டு பங்குகூட வரவில்லை.

முதல் சுற்றிலேயே இதைக் கேட்டிருந்தேன். "முதலில் பொருத்தம் பார்ப்போம், அதெல்லாம் பிறகு" என்றார்கள். மூன்றாம் சுற்றில் மறுபடி கேட்டபோது, "சந்தை நிலவரப்படி இருக்கும், கவலைப்படாதீர்கள்" என்று சொல்லிவிட்டு, என் பழைய சம்பளச் சீட்டை மட்டும் வாங்கிக்கொண்டார்கள். அவர்களுக்கு என் எண் முதல் வாரமே தெரியும். அவர்களுடைய எண் எனக்கு ஏழாவது வாரம்தான் தெரிந்தது.

நான் கணக்குப் பிரிவில் பதினோரு ஆண்டு வேலை பார்த்தவள். எங்கள் பிரிவையே மூடிவிட்டார்கள். அன்று முதல் ஒவ்வொரு விண்ணப்பத்தையும் ஒரு நோட்டுப் புத்தகத்தில் குறித்து வருகிறேன். இதுவரை 143. அவற்றில் 91 இடங்களிலிருந்து ஒரு வரி பதில் கிடையாது. 31 இடங்களிலிருந்து இயந்திரம் அனுப்பிய மறுப்பு. மீதி 21 இடங்களில்தான் ஒரு மனிதக் குரலைக் கேட்டேன். ஒன்பது இடங்களில் நேர்காணல் வரை போனேன். அந்த ஒன்பதில் நான்கு நிறுவனங்கள் அதன் பிறகு வாயே திறக்கவில்லை. நான் எழுதிய மூன்று நினைவூட்டல் கடிதங்களும் கிணற்றில் போட்ட கல்.

ஓரிடத்தில் "மாதிரிப் பணி" என்று ஒரு கோப்பைக் கொடுத்தார்கள். திறந்து பார்த்தால் அது உண்மையான நிறுவனக் கணக்கு. பதினான்கு மணி நேரம் உட்கார்ந்து பிழைகளைத் தேடி எழுதிக் கொடுத்தேன். கிடைத்தது ஒரு நன்றி. அவ்வளவுதான்.

இன்னோரிடத்தில் சம்பளத்தைக் கேட்டதும் எதிரே இருந்தவரின் முகம் மாறியது. "பணத்துக்காகத்தான் வருகிறீர்களா?" என்றார். ஆம், பணத்துக்காகத்தான் வருகிறேன். வீட்டு வாடகையைப் பணமாகத்தான் கட்ட வேண்டியிருக்கிறது. இதைச் சொல்ல எனக்கு ஏன் கூச்சம் வந்தது என்று இரண்டு நாள் யோசித்தேன். பேரம் பேசும் எல்லா இடத்திலும் விலை கேட்பது இயல்பு. உழைப்பை விற்பவர் மட்டும் விலையைக் கேட்டால் மரியாதைக் குறைவாகிவிடுகிறது. இது எப்படி வந்தது? உங்களுக்கும் இப்படி நடந்திருக்கிறதா?

---

இரவுப்பணி எழுதியது:

நடந்திருக்கிறது. அந்தக் கூச்சத்தை நமக்குள் விதைத்ததே அவர்கள்தான்.

---

புதுத்தளிர் எழுதியது:

அக்கா, உங்களிடம் பதினோரு ஆண்டு அனுபவம் இருந்தும் இந்த நிலை என்றால், எங்கள் கதையை என்னவென்று சொல்வது? படிப்பு முடித்து ஒன்றரை ஆண்டு ஆகிறது. "புதியவர்கள் விண்ணப்பிக்கலாம்" என்று தலைப்பில் போட்டுவிட்டு, உள்ளே "குறைந்தது மூன்றாண்டு அனுபவம்" என்று எழுதுகிறார்கள். அனுபவம் இருந்தால்தான் வேலை, வேலை கிடைத்தால்தான் அனுபவம். நீந்தத் தெரிந்த பிறகுதான் தண்ணீரில் இறங்க வேண்டும் என்பது போல.

ஆறு மாதம் ஊதியமில்லாப் பயிற்சி முடித்தேன். முடிந்தால் நிரந்தரமாக்குவோம் என்று சொல்லியிருந்தார்கள். கடைசி வாரம் என்னை அழைத்து, அடுத்து வரும் பயிற்சியாளருக்கு வேலையைக் கற்றுக்கொடுக்கச் சொன்னார்கள். கற்றுக்கொடுத்தேன். அவரும் சம்பளமில்லாமல்தான் வந்திருந்தார்.

வீட்டில் யாரும் ஒன்றும் கேட்பதில்லை. அதுதான் இன்னும் கனக்கிறது. காலையில் அப்பா வேலைக்குக் கிளம்பும்போது நான் தூங்குவதுபோல் படுத்திருக்கிறேன்.

---

மறுபக்கம் எழுதியது:

நான் ஆளெடுப்புப் பிரிவில் ஒன்பது ஆண்டுகளாக இருக்கிறேன். இந்த இழையைப் படித்துவிட்டு எழுதாமல் போக மனம் வரவில்லை. எங்கள் பக்கத்தில் நடப்பதை உள்ளபடி சொல்கிறேன். கோபம் வந்தால் வரட்டும், அதில் பாதிக்கு நான் உரியவள்தான்.

முதலில் சம்பளம். ஒரு பணியிடத்துக்கு அனுமதி வாங்கும்போதே குறைந்தபட்சம் இவ்வளவு, அதிகபட்சம் இவ்வளவு என்று வரம்பு எழுதி, நிதிப் பிரிவின் கையெழுத்து வாங்கிவிடுவோம். அது இல்லாமல் விளம்பரமே போடுவதில்லை. ஆகவே "இன்னும் முடிவாகவில்லை" என்று யாராவது சொன்னால், பெரும்பாலும் அது உண்மை இல்லை. வரம்பு மேசை இழுப்பறையில் இருக்கும். உங்கள் பழைய சம்பளத்தைத் தெரிந்துகொண்டால், அதற்குச் சற்று மேலே ஒரு தொகையைச் சொல்லி, வரம்பின் அடிமட்டத்திலேயே முடித்துவிடலாம். அப்படி முடித்தால் எங்களுக்குப் பாராட்டு.

அடுத்து, ஆள் தேவையில்லாத விளம்பரங்கள். அவை உண்டு. சில நேரம் உள்ளே ஒருவரை ஏற்கெனவே முடிவு செய்திருப்பார்கள், விதிக்காக வெளியிலும் விளம்பரம் தருவார்கள். சில நேரம் விளம்பரம் போன பிறகு பணம் நிறுத்தப்படும், ஆனால் தளத்திலிருந்து அதை எடுக்க யாருக்கும் தோன்றாது. இன்னும் சில இடங்களில் "பின்னால் பயன்படும்" என்று சுயவிவரங்களைச் சேர்த்து வைப்பதற்காகவே போடுவார்கள். நீங்கள் இரவு விழித்து எழுதிய கடிதம் யாரும் திறக்காத பெட்டியில் கிடக்கும்.

மென்பொருள்தான் எல்லோரையும் நிராகரிக்கிறது என்று பலர் நம்புகிறார்கள். நான் பார்த்தவரை அது பாதிதான் சரி. "இங்கே வேலை செய்ய அனுமதி உண்டா", "இந்த உரிமம் இருக்கிறதா" போன்ற கட்டாயக் கேள்விகளுக்கு இல்லை என்றால் உடனே கழித்துவிடும். மற்றபடி அது வரிசைப்படுத்துகிறது. நானூறு பேரில் முதல் ஐம்பது பேரைப் பார்த்துவிட்டு நாங்கள் நிறுத்திக்கொள்கிறோம். மீதி முந்நூற்றைம்பது பேரை இயந்திரம் நிராகரிக்கவில்லை. நாங்கள் பார்க்கவே இல்லை. எது கொடுமை என்று எனக்குச் சொல்லத் தெரியவில்லை.

விளம்பரத்தில் இருக்கும் சொற்களையே, உங்களுக்கு உண்மையில் தெரிந்தவற்றை மட்டும், உங்கள் சுயவிவரத்திலும் எழுதுங்கள். அவர்கள் "வரவு செலவு ஒத்திசைவு" என்று எழுதியிருந்தால் நீங்களும் அப்படியே எழுதுங்கள். விளம்பரம் வந்த முதல் இரண்டு நாட்களுக்குள் அனுப்புங்கள். இரண்டு மாதமாக அசையாமல் கிடக்கும் விளம்பரத்துக்கு உங்கள் ஞாயிற்றுக்கிழமையைக் கொடுக்காதீர்கள்.

---

ஈரக்காற்று எழுதியது:

மறுபக்கம் அவர்களே, இவ்வளவு வெளிப்படையாக எழுதியதற்கு நன்றி. ஆனால் ஒன்றைக் கேட்டே ஆக வேண்டும். நானூறு பேருக்குப் பதில் எழுத முடியாது என்பது புரிகிறது. நேரில் உட்கார்ந்து பேசியவர்கள் நான்கைந்து பேர்தானே? அவர்களுக்கு "இல்லை" என்று இரண்டு வரி எழுத எவ்வளவு நேரம் ஆகும்?

---

மறுபக்கம் எழுதியது:

ஐந்து நிமிடம் ஆகும். எழுதாததற்கு நேரம் ஒரு காரணமே இல்லை. தேர்வானவர் கடைசி நேரத்தில் வராமல் போனால் இரண்டாம் இடத்தில் இருப்பவரைக் கூப்பிடலாம் என்று அவரைத் தொங்கலில் வைத்திருப்போம். முதலாமவர் வந்து சேர ஒன்றிரண்டு மாதம் ஆகிவிடும். அதற்குப் பிறகு "இல்லை" என்று எழுத எங்களுக்கே வெட்கமாக இருக்கும். எழுதாமல் விட்டுவிடுவோம்.

நானும் அப்படி விட்டிருக்கிறேன். ஒரு பெண் நான்கு முறை எழுதிக் கேட்டார். அவருடைய பெயர் இன்னும் நினைவில் இருக்கிறது.

---

சட்டவாசகன் எழுதியது:

இது நல்லெண்ணத்தை நம்பி விடக்கூடிய விஷயம் இல்லை. சில இடங்களில் சட்டமாகவே ஆக்கிவிட்டார்கள்.

கனடாவின் ஒன்டாரியோ மாகாணத்தில் 2026 ஜனவரி 1 முதல், 25 பேரோ அதற்கு மேலோ பணியாளர்களைக் கொண்ட நிறுவனங்கள் பொதுவில் வேலை விளம்பரம் செய்தால் சம்பளத்தையோ சம்பள வரம்பையோ குறிப்பிட வேண்டும். அந்தப் பணியிடம் உண்மையில் காலியாக இருக்கிறதா என்றும் சொல்ல வேண்டும். விண்ணப்பங்களை வடிகட்டச் செயற்கை நுண்ணறிவைப் பயன்படுத்தினால் அதையும் தெரிவிக்க வேண்டும். நேர்காணலுக்கு வந்தவருக்கு 45 நாட்களுக்குள் முடிவைச் சொல்வதும் கட்டாயம். மறுபக்கம் அவர்கள் சொன்ன பொய் விளம்பரம், தொங்கலில் விடுவது இரண்டையும் அந்தச் சட்டம் பெயர் சொல்லித் தொடுகிறது.

ஐரோப்பிய ஒன்றியம் 2023-ல் ஊதிய வெளிப்படைத்தன்மை பற்றிய நெறிமுறையைக் கொண்டுவந்தது. தொடக்கச் சம்பளத்தையோ வரம்பையோ வேலை தேடுபவருக்கு முன்கூட்டியே, அதாவது நேர்காணலுக்கு முன்பே தெரிவிக்க வேண்டும். பழைய சம்பளம் எவ்வளவு என்று கேட்கக் கூடாது. உறுப்பு நாடுகள் தங்கள் சட்டத்தில் இதைச் சேர்ப்பதற்கு 2026 ஜூன் 7 வரை காலக்கெடு கொடுக்கப்பட்டது. அமெரிக்காவின் மாசசூசெட்ஸ் மாகாணம் பழைய சம்பளத்தைக் கேட்பதற்குத் தடை விதிக்கும் சட்டத்தை 2016-லேயே நிறைவேற்றியது.

அந்தத் தடையின் பின்னால் இருக்கும் காரணம் எளியது. ஒருமுறை குறைந்த சம்பளத்தில் மாட்டிக்கொண்டவர், ஒவ்வொரு புதிய வேலையிலும் அந்தக் குறையைச் சுமந்துகொண்டே போகிறார். இருபத்திரண்டு வயதில் செய்த ஓர் ஏமாந்த பேரம் ஐம்பது வயது வரை துரத்துகிறது. பெண்களுக்கு இதனால் வந்த இழப்பு அதிகம் என்பதால்தான் சம ஊதியச் சட்டங்களுக்குள் இந்தத் தடையைக் கொண்டுவந்தார்கள்.

---

சிறுபட்டறை எழுதியது:

எல்லோரும் ஒரு பக்கமாகவே பேசுகிறீர்கள். எனக்கும் பேச இடம் கொடுங்கள். பதினான்கு பேருக்குச் சம்பளம் கொடுக்கும் சிறு தொழில் என்னுடையது. சில மாதங்களில் எல்லோருக்கும் கொடுத்துவிட்டு எனக்கென்று எடுக்காமல் விட்டிருக்கிறேன்.

விளம்பரத்தில் சம்பளத்தைப் போட்டால் என்ன ஆகும் தெரியுமா? ஏழு ஆண்டுகளாக என்னோடு இருப்பவர் அதைப் படிப்பார். நாளை வரப்போகிறவருக்குத் தன்னைவிட அதிகம் என்று தெரிந்துவிடும். மறுநாள் என் எதிரே வந்து நிற்பார். எல்லோருக்கும் ஏற்றிக் கொடுக்க என்னிடம் பணம் இல்லை. புதியவருக்குக் குறைத்துச் சொன்னால் யாரும் வருவதில்லை. நான் என்ன செய்யட்டும்?

---

இரவுப்பணி எழுதியது:

ஐயா, நீங்கள் நேர்மையாகக் கேட்டதால் நேர்மையாகவே சொல்கிறேன். அந்த ஏழாண்டுக்காரர் நான்தான். உங்களிடம் இல்லை, வேறோர் இடத்தில்.

முதியோர் பராமரிப்பில் வேலை. இரவு ஷிப்ட். ஆறு ஆண்டுகளில் நான்கு முறை ஊதிய உயர்வு கொடுத்தார்கள். ஒவ்வொரு முறையும் விலைவாசி அதைவிட வேகமாக ஏறியது. எண் கூடியது, வாங்கும் சக்தி குறைந்தது. ஆனாலும் நம் இடம், நம் ஆட்கள், அந்தப் பெரியவர்களுக்கு என் கை பழகிவிட்டது என்று இருந்தேன். ஒருநாள் புதிதாக வந்த பெண் தன் சம்பளச் சீட்டில் ஏதோ பிடித்தம் புரியவில்லை என்று என்னிடம் கொண்டுவந்து காட்டினாள். பார்த்தேன். அவளுக்கு எல்லாவற்றையும் கற்றுக்கொடுத்தவள் நான். என்னைவிட அவளுக்கு அதிகம்.

அவள் மேல் எனக்குக் கோபம் இல்லை. அவள் கேட்ட தொகை நியாயமானது. எனக்கு வலித்தது வேறு. அந்த விலை கொடுக்க அவர்களால் முடியும் என்று அன்றுதான் தெரிந்தது. விட்டுப் போக மாட்டாள் என்பதற்காகவே என்னை அந்த விலைக்குக் கீழே வைத்திருந்தார்கள். விசுவாசத்துக்கு அபராதம் விதித்தார்கள்.

நீங்கள் மறைப்பதால் அந்த வித்தியாசம் இல்லாமல் போவதில்லை, ஐயா. தெரிய வரும் நாள் தள்ளிப்போகிறது. அவ்வளவுதான். தெரிய வரும்போது அவர் உங்கள் எதிரே வந்து நின்று கேட்டால் நீங்கள் கொடுத்து வைத்தவர். நான் கேட்கவில்லை. பேசாமல் வேறு வேலை தேடிக்கொண்டேன்.

---

சிறுபட்டறை எழுதியது:

இரவுப்பணி அம்மா, நீங்கள் எழுதியதை மூன்று முறை படித்தேன். இன்று பதில் சொல்ல என்னிடம் ஒன்றும் இல்லை. கணக்கைப் பார்த்துவிட்டு வருகிறேன்.

---

நெடுஞ்சாலை எழுதியது:

ஐந்து சுற்று நேர்காணல் என்கிறீர்கள். எங்களுக்கு ஒரு சுற்றுகூட இல்லை. செயலியைத் தரவிறக்கி, உரிமத்தைப் படம் பிடித்துப் போட்டால் மறுநாள் வேலை. சேரும்போது அது எவ்வளவு சுலபமாக இருந்தது என்று மகிழ்ந்தேன். வாசல் அவ்வளவு அகலமாக இருந்தால் வெளியே தள்ளுவதும் அவ்வளவு சுலபம் என்று அப்போது தோன்றவில்லை.

நான் ஐம்பத்திரண்டு வயதுக்காரன். தொழிற்சாலை மூடிய பிறகு நான்கு ஆண்டுகளாகப் பொட்டலம் கொண்டு சேர்க்கும் வேலை. பன்னிரண்டு மணி நேரம் சாலையில் இருந்தால் எட்டு மணி நேரத்துக்குத்தான் கூலி வருகிறது. மீதி நான்கு மணி நேரம் அடுத்த ஆணைக்குக் காத்திருப்பது. எரிபொருள் என்னுடையது, வண்டி என்னுடையது, டயர் தேய்வது என்னுடையது, மழையில் நனைந்து காய்ச்சல் வந்தால் அதுவும் என்னுடையது. என்னை "பங்குதாரர்" என்று அழைக்கிறார்கள். எதில் பங்கு என்று இன்றுவரை யாரும் சொன்னதில்லை.

ஆறு நாட்களுக்கு முன் காலையில் செயலியைத் திறந்தேன். "உங்கள் கணக்கு முடக்கப்பட்டுள்ளது." காரணம் இல்லை. உதவி மையத்துக்கு எழுதினால் உடனே பதில் வருகிறது, ஆனால் எழுதுவது மனிதர் இல்லை. ஒரே வாக்கியம் திரும்பத் திரும்ப வருகிறது. மேலாளரிடம் போய்க் கெஞ்சலாம், சண்டை போடலாம் என்றால் மேலாளர் என்று ஒருவர் இருக்க வேண்டுமே. பழைய தொழிற்சாலையில் மேற்பார்வையாளர் கடுமையானவர்தான். ஆனால் அவருக்கு ஒரு முகம் இருந்தது, போய் நிற்க ஒரு கதவு இருந்தது.

---

சட்டவாசகன் எழுதியது:

நெடுஞ்சாலை ஐயா, உங்கள் கேள்வி நீதிமன்றங்களுக்குப் போயிருக்கிறது. பிரிட்டன் உச்ச நீதிமன்றம் 2021 பிப்ரவரியில், ஊபர் ஓட்டுநர்கள் சுயதொழில் செய்பவர்கள் இல்லை, தொழிலாளர் உரிமைகளுக்கு உரியவர்கள் என்று தீர்ப்பளித்தது. பயணி ஏறியிருக்கும் நேரம் மட்டும் இல்லை, தமக்கு அனுமதிக்கப்பட்ட பகுதியில் செயலியைத் திறந்து வைத்துப் பயணத்தை ஏற்கத் தயாராக இருக்கும் நேரமும் வேலை நேரமே என்றது. உங்கள் அந்த நான்கு மணி நேரத்தைத்தான் அது சொல்கிறது.

நம்பிக்கை மட்டும் ஊட்டுவது சரியாகாது, மறுபுறத்தையும் சொல்கிறேன். அதே நீதிமன்றம் 2023 நவம்பரில், டெலிவரூ நிறுவனத்தின் விநியோகப் பணியாளர்கள் தங்களுக்குப் பதிலாக வேறொருவரை அனுப்ப உரிமை பெற்றிருப்பதைக் காட்டி, தொழிற்சங்கக் கூட்டுப் பேச்சுக்கான உரிமை வழக்கில் அவர்களுக்கு எதிராகத் தீர்ப்புச் சொன்னது. ஒப்பந்தத்தில் ஒரு வரி எல்லாவற்றையும் மாற்றிவிடுகிறது. ஆகவே நீங்கள் "ஏற்கிறேன்" என்று அழுத்திய அந்த நீண்ட ஒப்பந்தத்தை எங்காவது சேமித்து வையுங்கள்.

முடக்கப்பட்ட கணக்கு பற்றி: ஐரோப்பிய ஒன்றியத்தின் 2024-ஆம் ஆண்டு தளப்பணி (செயலி வழியாகச் செய்யும் வேலை) நெறிமுறைப்படி, ஒருவரின் கணக்கை முடக்கும் அல்லது நீக்கும் முடிவை மனிதர்தான் எடுக்க வேண்டும். இயந்திரத்திடம் விட முடியாது. நாடுகள் இதை நடைமுறைக்குக் கொண்டுவர 2026 டிசம்பர் 2 வரை அவகாசம். அந்த எல்லைக்கு வெளியே இருப்பவர்களுக்கு அது சட்டமாகாது, ஆனால் "இது முடியாத கோரிக்கை" என்று இனி யாரும் சொல்ல முடியாது.

தனிச் செய்தியில் எழுதுங்கள். முடக்கிய தேதி, கடைசி முப்பது நாள் வேலை விவரம், வந்த பதில்களின் படங்கள், நிலுவைத் தொகை எல்லாம் வைத்து ஒரு கடிதம் எழுதுவோம்.

---

நெறியாளர் எழுதியது:

ஒரு பதிவை நீக்கியிருக்கிறோம். அதில் ஒரு நிறுவனத்தின் பெயரும் ஒரு மேலாளரின் கைபேசி எண்ணும் இருந்தன. ஆத்திரம் புரிகிறது. பெயர்களைத் தவிர்த்து எழுதுங்கள், இழை திறந்தே இருக்கும்.

---

திரும்பிவந்தவள் எழுதியது:

இடைவெளி பற்றி யாரும் எழுதவில்லையே. நான் எழுதுகிறேன். அம்மாவின் நோய்க்காக மூன்று ஆண்டு வேலையை விட்டிருந்தேன். இப்போது எந்த நேர்காணலுக்குப் போனாலும் முதல் இருபது நிமிடம் அந்த மூன்று ஆண்டுகள் பற்றித்தான். அதற்கு முந்தைய ஒன்பது ஆண்டுகளைப் பற்றி யாருக்கும் அக்கறை இல்லை. ஒருவர், "மறுபடி அப்படி ஏதாவது வந்தால் போய்விடுவீர்களா?" என்று கேட்டார். அம்மா இறந்து நாலு மாதம் ஆகியிருந்தது. இனி எனக்கு அப்படி வர வழியில்லை என்று சொன்னேன். அவர் அதைக் குறித்துக்கொண்டார்.

இயந்திரமாவது பாரபட்சம் பார்க்காது என்று ஒருகாலத்தில் நினைத்தேன். அமேசான் நிறுவனம் சுயவிவரங்களை மதிப்பிட ஒரு மென்பொருளை உருவாக்கி, பிறகு கைவிட்டதை 2018-ல் ராய்ட்டர்ஸ் வெளியிட்டது. பத்தாண்டுகளாக வந்த சுயவிவரங்களைக் கொடுத்து அதைப் பழக்கியிருந்தார்கள். அவற்றில் பெரும்பாலானவை ஆண்களுடையவை. பெண்கள் என்ற சொல் வரும் சுயவிவரங்களுக்கு அது மதிப்பெண்ணைக் குறைக்கக் கற்றுக்கொண்டது. நம்மிடமிருந்துதானே கற்றுக்கொள்கிறது.

புதுத்தளிர் தம்பி, காலையில் தூங்குவதுபோல் படுத்திருக்க வேண்டாம். எழுந்து அப்பாவோடு வாசல் வரை போங்கள். அவருக்கும் அது தேவையாக இருக்கும்.

---

புதுத்தளிர் எழுதியது:

போனேன் அக்கா. ஒன்றும் பேசவில்லை. தெருமுனை வரை கூடவே நடந்தேன்.

இன்னொன்று கேட்க வேண்டும். ஓர் ஏஜென்சியிலிருந்து நேற்று அழைத்தார்கள். வேலை உறுதி, வீட்டிலிருந்தே செய்யலாம், நேர்காணல் தேவையில்லை, ஆனால் பயிற்சிப் பொருட்களுக்கும் பதிவுக்கும் முதலில் பணம் கட்ட வேண்டும், சேர்ந்த பிறகு திருப்பித் தருவோம் என்கிறார்கள். இன்று மாலைக்குள் கட்டச் சொல்கிறார்கள். கட்டலாமா?

---

மறுபக்கம் எழுதியது:

கட்டாதீர்கள். கட்டாதீர்கள். கட்டாதீர்கள்.

வேலை கொடுப்பவர் உங்களிடம் பணம் கேட்க மாட்டார். அவசரப்படுத்துவதும் நேர்காணல் இல்லை என்பதும் மோசடிக்காரர்களின் வழக்கம். அடையாள அட்டையின் படம், வங்கிக் கணக்கு எண், கைபேசிக்கு வரும் கடவு எண் எதையும் கொடுக்காதீர்கள். ஏற்கெனவே கொடுத்துவிட்டிருந்தால் இன்றே வங்கிக்குத் தெரிவியுங்கள். நிறுவனத்தின் பெயரைச் சொன்னால், அந்த நிறுவனத்தின் சொந்த வலைத்தளத்தில் இருக்கும் எண்ணைத் தேடி நீங்களே அழைத்துக் கேளுங்கள். அவர்கள் கொடுத்த எண்ணில் கேட்கக் கூடாது.

---

சட்டவாசகன் எழுதியது:

சர்வதேச தொழிலாளர் அமைப்பின் 1997-ஆம் ஆண்டு 181-ஆம் எண் உடன்படிக்கை, தனியார் வேலைவாய்ப்பு முகமைகள் தொழிலாளர்களிடம் நேரடியாகவோ மறைமுகமாகவோ கட்டணம் வாங்கக் கூடாது என்பதைப் பொது விதியாக வைத்திருக்கிறது. மிகச் சில விதிவிலக்குகள் உண்டு, அவற்றையும் அரசுதான் காரணத்தோடு அனுமதிக்க வேண்டும். எல்லா நாடுகளும் அதை ஏற்கவில்லை. ஆனாலும் தம்பி, அளவுகோல் தெளிவாக இருக்கிறது. கட்டணத்தைக் கொடுக்க வேண்டியவர் ஆள் தேவைப்படுபவர்.

---

புதுத்தளிர் எழுதியது:

கட்டவில்லை. அம்மாவின் நகையை வைத்துக் கட்டலாம் என்று பேசிக்கொண்டிருந்தோம். காப்பாற்றினீர்கள்.

---

இரவுப்பணி எழுதியது:

பொதுவாக ஒன்று சொல்லிவிடுகிறேன். வேலை கிடைத்தவர்கள் அதிர்ஷ்டசாலிகள் என்ற பேச்சு அடிக்கடி வருகிறது. போன ஆண்டு ஆள் பற்றாக்குறை என்று வாரத்துக்கு அறுபது மணி நேரம் வேலை பார்த்தேன். ஓவர்டைம் பாதிக்குத்தான் வந்தது. உலக சுகாதார அமைப்பும் சர்வதேச தொழிலாளர் அமைப்பும் 2021-ல் ஓர் ஆய்வை வெளியிட்டன. வாரத்துக்கு 55 மணி நேரமோ அதற்கு மேலோ வேலை பார்ப்பவர்களுக்கு, 35 முதல் 40 மணி நேரம் பார்ப்பவர்களைவிடப் பக்கவாத அபாயம் ஏறத்தாழ 35 விழுக்காடும், இதயநோயால் இறக்கும் அபாயம் 17 விழுக்காடும் அதிகம் என்கிறது. 2016-ல் மட்டும் நீண்ட வேலை நேரத்தோடு தொடர்புடைய இறப்புகள் 7 லட்சத்து 45 ஆயிரம் என்று மதிப்பிட்டார்கள்.

நான் பராமரிக்கும் பெரியவர்களில் மூன்று பேர் பக்கவாதம் வந்தவர்கள். மூவரும் உழைத்துக் களைத்தவர்கள். அந்த எண்ணைப் படித்ததும் அவர்கள் முகம்தான் வந்தது. 1919-ல் அந்தத் தொழிலாளர் அமைப்பு கொண்டுவந்த முதல் உடன்படிக்கையே ஒரு நாளுக்கு எட்டு மணி நேரம், வாரத்துக்கு 48 மணி நேரம் என்பதுதான். நூறு ஆண்டு தாண்டிவிட்டது. என் பணிப்பட்டியல் இன்னும் அதைக் கேள்விப்படவில்லை.

---

சிறுபட்டறை எழுதியது:

பத்து நாள் ஆகிவிட்டது. கணக்கைப் பார்த்தேன். ஒன்பது பேருக்குச் சரியாக இருக்கிறது. ஐந்து பேருக்குக் குறைவு. அந்த ஏழாண்டுக்காரரை நானே கூப்பிட்டு உட்கார வைத்து, புதியவருக்கு எவ்வளவு தரப்போகிறேன் என்பதைச் சொன்னேன். அவர் கொஞ்ச நேரம் ஒன்றும் பேசவில்லை. பிறகு, "எனக்கு முன்பே தெரியும் ஐயா, நீங்களாகச் சொல்வீர்களா என்று பார்த்துக்கொண்டிருந்தேன்" என்றார்.

ஐவருக்கும் ஒரேயடியாக ஏற்ற முடியாது. இந்த ஆண்டு பாதி, அடுத்த ஆண்டு மீதி என்று எழுதிக் கையெழுத்திட்டுக் கொடுத்திருக்கிறேன். அதற்காக வாங்க நினைத்திருந்த இயந்திரத்தைத் தள்ளிப் போட்டிருக்கிறேன். விளம்பரத்தில் வரம்பைப் போட்டாயிற்று. வழக்கமாக வரும் விண்ணப்பங்களில் பாதிதான் வந்தன. ஆனால் நேர்காணலுக்கு வந்த ஆறு பேரில் ஒருவர்கூடக் கடைசியில் சம்பளத்தைக் கேட்டு எழுந்து போகவில்லை.

---

ஈரக்காற்று எழுதியது:

மூன்று வாரத்துக்குப் பிறகு வருகிறேன். மறுபக்கம் அவர்களின் பதிவைப் படித்ததிலிருந்து ஒரு பழக்கத்தை மாற்றிக்கொண்டேன். யாராவது முதல்முறை தொடர்புகொண்டால் நான் எழுதும் பதில் இதுதான்:

"இந்தப் பணி எனக்குப் பொருந்தும் என்று நினைக்கிறேன். நேரம் குறிப்பதற்கு முன், இதற்கு ஒதுக்கப்பட்டிருக்கும் சம்பள வரம்பையும், பிடித்தம் போகக் கையில் வரும் தொகையையும் தெரிவித்தால் இருவருக்கும் உதவியாக இருக்கும்."

பழைய சம்பளத்தைக் கேட்டால், "இந்தப் பணியின் பொறுப்புகளை வைத்துப் பேசலாம்" என்று மட்டும் சொல்கிறேன். கையில் வரும் தொகை என்று சேர்த்ததற்குக் காரணம் உண்டு. ஓரிடத்தில் மொத்தச் சம்பளம் என்று சொன்னதில், நிறுவனம் கட்டும் காப்பீடும் வந்தால் வரும் என்கிற போனஸும் சேர்ந்திருந்தன. மாதிரிப் பணிக்கும் ஓர் எல்லை வைத்துக்கொண்டேன்: இரண்டு மணி நேரம், கற்பனைக் கணக்கு மட்டும்.

பன்னிரண்டு இடங்களுக்கு இப்படி எழுதினேன். நான்கு பேர் பதில் தரவில்லை. மூன்று பேர் "பிறகு பேசலாம்" என்றார்கள், நான் விலகிக்கொண்டேன். விலகும்போது கை நடுங்கியது, சேமிப்பு இன்னும் இரண்டு மாதத்துக்குத்தான் வரும். ஐந்து பேர் எண்ணைச் சொன்னார்கள். அதில் ஒன்று நேற்று உறுதியானது. பழைய சம்பளத்தைவிடச் சற்றுக் குறைவுதான். ஆனால் முதல் கடிதத்தில் சொன்ன தொகையும் நியமனக் கடிதத்தில் இருந்த தொகையும் ஒன்று. இரண்டு சுற்று, மூன்றாம் நாள் பதில். திங்கட்கிழமை சேர்கிறேன். நோட்டுப் புத்தகத்தில் 155-ஆவது வரி.

நெடுஞ்சாலை ஐயா, உங்கள் கணக்கு என்ன ஆயிற்று?

---

நெடுஞ்சாலை எழுதியது:

வாழ்த்துகள் அம்மா. முதல் நாள் நன்றாக அமையட்டும்.

கணக்கு இன்னும் திறக்கவில்லை. இன்றோடு முப்பத்தொரு நாள். சட்டவாசகன் எழுதிக் கொடுத்த கடிதத்தைப் பதிவுத் தபாலில் அனுப்பினேன். பெற்றுக்கொண்டதாகக் கையெழுத்து வந்திருக்கிறது. இத்தனை நாளில் அங்கே ஒரு மனிதர் இருப்பதற்கு எனக்குக் கிடைத்த முதல் அடையாளம் அந்தக் கையெழுத்து. என்னைப் போலவே முடக்கப்பட்ட ஏழு பேரைக் கண்டுபிடித்திருக்கிறேன். அவர்களுடைய கடிதங்களையும் நாளை தபாலில் சேர்க்கிறோம்.